பதினேழாம் எண் செருப்பு

“அக்கா, பதினேழாம் நம்பர் செருப்பு என்னுது. எடுத்துக் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்.”

கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஒரு சுற்றுலாப் பயணி வெறுங்காலுடன் நின்றிருந்தான். மணல் சுடத் தொடங்கிவிட்டதால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

“பதினேழா?”

“ஆமாக்கா. நேத்து மத்தியானம் நீங்கதானே போர்டு குடுத்தீங்க? ‘தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டுப் படுங்க’ன்னு கிண்டல்கூடப் பண்ணீங்களே!”

அவள் சிரிக்கவில்லை. அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள்.

அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் அந்தக் கடைக்கு ஒரே ஒரு விதிதான். எந்த எண் பலகையை எடுக்கிறாரோ, மர அடுக்கில் அதே எண் எழுதிய அறையில் செருப்பை விட்டுவிட்டே ஒருவர் கடலில் இறங்க வேண்டும். மாலையில் அந்த அடுக்கு காலியாக இருந்தால் எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்று பொருள். ஒரு ஜோடி மிஞ்சினால், ஓர் ஆள் இன்னும் தண்ணீரில் இருக்கிறார்.

“கரையேறினதும் ஏன் இங்க வரல?”

“எங்கக்கா வர்றது? தண்ணி என்னை இழுத்துட்டுப் போயி, அந்தப் பாறைக்கு அந்தாண்ட தள்ளிடுச்சு. தவழ்ந்துதான் கரையேறினேன். கூட்டாளிங்க அங்கயே கார் கொண்டாந்துட்டாங்க. போர்ட மணல்ல போட்டுட்டு ஏறிட்டேன். யாராச்சும் கொண்டாந்து குடுத்திருப்பாங்களே?”

“சாயங்காலம் அந்த இடத்துல தண்ணி ஏறும். போர்டு மட்டும் தனியா மிதந்து போச்சு.”

“ஐயையோ! உடைஞ்சிடுச்சா?”

“இல்ல. விடியக்காலைல கரை ஒதுங்கிச்சு. ஒரு கீறல்கூட இல்ல.”

“நல்லவேளை!” அவன் மூச்சுவிட்டான். “சரி, செருப்பக் குடுங்க. மாமனார் வாங்கிக் குடுத்தது. விட்டுட்டுப் போனா என் பொண்டாட்டி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.”

அவள் அசையவில்லை. அவளுடைய பார்வை அவனைத் தாண்டிக் கடலுக்குப் போயிற்று. அலைகள் சறுக்குவதற்கு ஏற்றவாறு சீராக எழுந்துகொண்டிருந்தன. ஆனால் சறுக்குவார் ஒருவரும் இல்லை. மூன்று படகுகள் வரிசை கலையாமல், மிக மெதுவாக நகர்ந்தன. கரையில் நின்ற கூட்டத்திலும் பேச்சில்லை.

அவனும் திரும்பிப் பார்த்தான். “என்னக்கா கூட்டம்?”

“ஆள் தேடுறாங்க. நேத்து சாயங்காலத்துலேருந்து.”

“அடப்பாவமே! எவனாச்சும் சொல்பேச்சு கேக்காம உள்ள போயிருப்பான்.”

“அடுக்குல செருப்பு மிஞ்சிச்சு. கடல்ல போர்டு காலியா மிதந்துச்சு. பார்த்தவங்க வேற என்னன்னு நினைப்பாங்க?”

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

“என்னையா... என்னையா தேடுறாங்க?” வெட்கமும் சிரிப்புமாகத் தலையில் கை வைத்துக்கொண்டான். “கூத்தப் பாருங்க! ராத்திரி நான் மூக்கு முட்டத் தின்னுட்டு ஏசி ரூம்ல குறட்டை விட்டிருக்கேன். இங்க என் பொணத்தத் தேடுறாங்களா?”

அவள் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் தப்புதான்க்கா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். மொதல்ல அவங்களக் கூப்பிட்டு, ஆள் வந்தாச்சுன்னு சொல்லுங்க. படகெல்லாம் திரும்பிடட்டும், பாவம்.”

“திரும்பாது.”

“ஏன்? அதான் நான் முழுசா நிக்கிறேனே!”

அவள் விலகி வழிவிட்டாள். அவன் குனிந்து பதினேழாம் அறைக்குள் கை விட்டான். அங்கே இரண்டு ஜோடிகள் இருந்தன. ஒன்று அவனுடைய தோல் செருப்பு. அதை ஒட்டி, குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி.

“இது யாருதுக்கா?”

“காலியா மிதந்த போர்டப் பார்த்ததும், உங்களைத் தேடி நேத்து நீந்திப் போன என் வீட்டுக்காரரோடது.”