எண்பதுக்கு மேல் வேண்டாம்

"அவன் ஆட்டத்தை இன்னையோட முடிச்சிடணும். முடிஞ்சது அவனுக்கே தெரியக் கூடாது" என்றார் இன்சூரன்ஸ்காரர், பல்லை நறநறவென்று கடித்தபடி.

மோட்டார் சைக்கிள் டியூனர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மெதுவா பேசுங்க சார். பெத்த புள்ளையைப் பத்தித்தானே சொல்றீங்க?"

"புள்ளையா? சத்ருய்யா, சத்ரு!"

அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசி வாரக்கணக்காகிவிட்டது. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் மனு போகும். சண்டைக்கு மூலகாரணம் மகனின் மோட்டார் சைக்கிள்.

கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றி வீசிவிட்டு, அண்டா வாய் அகலத்துக்கு ஒன்றை மாட்டியிருந்தான் மகன். காற்று உள்ளே போகும் பக்கமும் பெரிய பில்டர். அன்றிலிருந்து அந்த வண்டி புறப்பட்டால் ஏழு தெருவுக்கு ஜன்னல்கள் தாமாகவே சாத்திக்கொண்டன.

"காத்து நிறைய போகுது, பெட்ரோல் பழைய அளவுலயே பீய்ச்சுது. அதான் படபடன்னு வெடிக்குது, எஞ்சினும் காயுது" என்றான் டியூனர். "பெட்ரோல் கணக்கை வண்டியோட கம்ப்யூட்டர்ல புதுசா எழுதணும். அதுக்குத்தான் தம்பி இப்ப வர்றாரு."

"எழுதிட்டா?"

"பறக்கும்."

"எங்க? நேரா மேலயா?"

இன்சூரன்ஸ்காரர் மேசையில் விட்ட குத்தில் திருகாணிகள் எல்லாம் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தன. வண்டியோடு போய்ச் சேர்ந்த இளவட்டங்களின் வீட்டு வாசலில் பாலிசித் தாளோடு நின்று நின்று காய்த்துப்போன மனிதர் அவர். இரவில் வீடு திரும்பும் மகனின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை அவருக்குக் கண் மூடாது. கேட்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, திட்டிக்கொண்டே தூங்கிப்போவார்.

"ஒத்தப் புள்ளைய்யா எனக்கு. எண்பதைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சு, உன் கடையைப் பூட்ட வச்சிடுவேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகிட்டகூடப் புகார்ல கைநாட்டு வாங்குவேன்!"

டியூனர் தலையைச் சொறிந்தான். "பெட்ரோல் கணக்கை ஒழுங்காத்தான் எழுதுவேன், அதுல கை வைக்க மாட்டேன். வேணும்னா வேகத்துக்கு எண்பதுல ஒரு கடிவாளம் போடறேன்."

"அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"வாக்குக் குடுத்தா குடுத்ததுதான் சார். யாருக்குக் குடுத்தாலும்."

வாசலில் படீரென்று ஒரு வெடி. மகன் வந்துவிட்டான். பாலம் ஏறுவதற்குள் தம் கட்டித் தவித்த தம்முடைய ஸ்கூட்டரை இன்சூரன்ஸ்காரர் ஏற்கெனவே பின்சந்தில் மறைத்திருந்தார். இப்போது டயர் அடுக்குக்குப் பின்னால் தம்மையும் மறைத்துக்கொண்டார்.

பைக்கை உருளைமேல் ஏற்றிக் கட்டி, முன்னால் ராட்சத மின்விசிறியை வைத்து, டியூனர் முறுக்கத் தொடங்கினான். வண்டி நின்ற இடத்திலேயே ஓடியது. தகரக் கூரை தாளம் போட்டது. சுவரில் மாட்டியிருந்த சுத்தியல் இறங்கி நடக்காததுதான் பாக்கி.

"என்னண்ணே, தாலாட்டா பாடறீங்க? இன்னும் முறுக்குங்க!" என்று கத்தினான் மகன்.

"உங்கப்பாவுக்குக் கேட்டுடப் போவுது, தம்பி."

"கேட்டா கேக்கட்டும். வண்டிக்காவது சைலன்சர்னு ஒண்ணு இருக்கு. அவர் நாக்குக்கு அதுவும் கிடையாது!"

டயர் அடுக்கு குலுங்கியது.

"என்னண்ணே அது, எலியா?"

"பெருச்சாளி."

"ஊருக்கெல்லாம் ஆயுசைப் பத்திப் பாடம் எடுக்கிறாரு. அவரு ரோட்டுல போற போக்கைப் பாத்திருக்கீங்களா? எமனே ஓரம் கட்டி வழி விடுவான். கேக்கப்போனா, 'எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா'ன்னு பாய்வாரு. போங்கண்ணே, அந்த வீட்டுல மனுஷன் இருப்பானா!"

இன்சூரன்ஸ்காரர் ஒரு டயரைக் கடித்து ஆத்திரத்தை அடக்கினார்.

கணக்கு எழுதி முடிந்தது. மகன் நெரிசலான கடைத்தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தான். "வெடி நின்னு போச்சு. இழுவை சும்மா அள்ளுதுண்ணே!" என்று கையைக் குலுக்கிவிட்டு உறுமிக்கொண்டு மறைந்தான்.

ஒட்டடையைத் தட்டியபடி வெளியே வந்தார் இன்சூரன்ஸ்காரர். சிற்றரசனைச் சிறைபிடித்த சக்கரவர்த்தியின் முகம். "நாக்குல சைலன்சர் இல்லையாம்! இருடா, இனி எண்பதுலயே கிடந்து சாவு... சே, எண்பதுலயே கிடந்து நூறு வயசு வாழு!" என்று மகன் மறைந்த திசையைப் பார்த்துச் சபித்தார். பிறகு சந்தேகம் வந்தது. "ஆமா, வெளி ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"வண்டி பழகணும், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்பேன்."

"நம்புவானா?"

"இதுவரைக்கும் யாரும் நம்பாம இருந்ததில்லை சார்."

இன்சூரன்ஸ்காரருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. பின்சந்திலிருந்து ஸ்கூட்டரைத் தள்ளிவந்து டியூனர் முன்னால் நிறுத்தினார். "உன் கையில வித்தை இருக்குய்யா. இதையும் பாரு. கொஞ்ச நாளா நாப்பதைத் தாண்ட மாட்டேங்குது. பலூன் விக்கிறவன் சைக்கிள்ல என்னைத் தாண்டிட்டு, திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான்! பழைய வேகத்துக்குக் கொண்டு வந்துடு."

டியூனர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"முடியாது சார். உங்க பையனுக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்."