முத்திரை விழும்வரை

“ரெண்டு வாயாவது குடிங்க. வெறும் வயித்தோட படுத்துக்கிட்டு அடம் பிடிச்சா காய்ச்சல் எப்படி இறங்கும்?” படுக்கைத் திரைக்குள் கிண்ணத்தை நீட்டியபடி, அரசி மென்சியா கொஞ்சம் சத்தமாகவே கடிந்துகொண்டாள்.

பூண்டு சூப் ஆறிப்போயிருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வெளியே பைரனீஸ் மலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கலகம் செய்த பிரபுக்கள் பக்கத்துக் கூடத்தில் காத்திருந்தார்கள். சமாதானப் பத்திரத்தில் இன்று அவர்களுடைய முத்திரை விழுந்தால், அவளுடைய நாலு வயது மகன்தான் அடுத்த அரசன். விழாவிட்டால் பிள்ளையின் உயிருக்கே உத்தரவாதம் கிடையாது.

கலகக்காரர்களின் தலைவன் லோப்பே வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. மனசுவிட்டு அழக்கூட ஓர் ஆள் இல்லாமல் அவள் தவித்துப்போயிருந்தாள்.

கதவு திறந்தது. “அரசியாரே, அரசரை ஒரு தடவை பாக்கணும்” என்றான் லோப்பே. அந்த ‘அரசியாரே’ அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“அங்கேயே நில்லு. இப்பதான் கண் அசந்தாரு.”

அவன் வாசலிலேயே நின்றான். மூடியிருந்த திரையைப் பார்த்தான். பாதி திறந்திருந்த ஜன்னலையும், ஒரு கங்குகூட இல்லாத கணப்பையும் பார்த்தான். “இந்தக் குளிர்ல நெருப்பு போடலையா?”

“புகை பட்டா இருமுறாரு. அவரு சத்தியம் பண்ணணும்னுதானே வந்திருக்கே? ராஜா என்னைக்குத் தன் வாயால சத்தியம் பண்ணியிருக்காரு?”

அது வாஸ்தவம். அரசரின் ஆன்மாமேல் ஆணையிட்டு அவருக்காக இன்னொருவர் சத்தியம் செய்வதுதான் அந்த நாட்டு வழக்கம். கூடத்தில், புனிதரின் எலும்புப் பேழைமேல் கை வைத்து, கிழட்டு மந்திரி பெர்னால் அதைச் செய்தார்.

“ராஜா முகத்தைப் பாக்காம எப்படிங்க முத்திரை வைக்கிறது?” என்று ஒரு பிரபு முனகினான்.

மென்சியா பத்திரத்தை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

“நான் பாத்துட்டுதான் வந்தேன். பேசாம வைங்கய்யா” என்றான் லோப்பே. சூடான மெழுகில் முதல் முத்திரையை அவனே அழுத்தினான். மற்றவர்களும் வரிசையாக வைத்தார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குதிரைகளின் சத்தம் தேய்ந்ததும் அவள் அறைக்குத் திரும்பிக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். கிண்ணத்தில் சூப் அப்படியே இருந்தது. இனி யாரிடம் பேசுவது என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலிருந்து ஒரு கனத்த ரோமப் போர்வை அவள் தோள்மேல் விழுந்தது. லோப்பே போகாமல் நின்றிருந்தான்.

“இனிமே கணப்பை மூட்டிக்கோ, அக்கா. செத்தவருக்குக் குளிர் தெரியாது, உனக்குத் தெரியும்ல.”