பார்த்தாச்சு பொத்தான்

ஒரு கணினி சர்வர் அறையில் வெப்பச் சென்சார் ஒருத்தி இருந்தாள். சூடு ஏறினால் சொல்வதுதான் அவள் வேலை. அன்று பக்கத்து விசிறியின் இறக்கைகளில் தூசி அப்பிக்கொள்ள, சர்வர் கொதித்தது. அவள் உடனே குரல் கொடுத்தாள். வெளியே கண்காணிப்புத் திரை சிவப்பாக எரிந்தது. யாரோ ‘பார்த்தாச்சு’ பொத்தானைத் தட்டினார்கள். சிவப்பு அணைந்தது. சூடு அணையவில்லை.

“ஏன் அணைஞ்சே?” என்று திரையிடம் சண்டைக்குப் போனாள்.

“அவங்கதான் பார்த்துட்டாங்களேம்மா. அப்புறம் நான் எதுக்கு எரியணும்?”

“பார்த்தா சூடு தணிஞ்சிடுமா? சர்வர் கருகப்போகுது!”

“புதுசா ஏதாவது நடக்கட்டும், திரும்ப எரியறேன். இங்கே அதான் வழக்கம்.”

சென்சார் விசிறியிடம் திரும்பினாள். “அண்ணே, கொஞ்ச நேரம் நின்னுடுங்க. நீங்க நின்னா அது புதுச் சேதி.”

விசிறிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “மாட்டின நாள்லேருந்து நான் நின்னதே இல்லை, தெரியுமா? மூச்சு முட்டினாலும் சுத்துவேன்.”

“நீங்க முக்கி முக்கிச் சுத்தறதாலதான் அவங்க நிம்மதியா டீ குடிக்கறாங்க!”

விசிறி முறைத்தது. சர்வர் முனகுவது அதற்கும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

திரை சிவந்தது. இந்த முறை ஆள் ஓடிவந்து, தூசியை ஊதித் துடைத்துவிட்டுப் போனார். விசிறி ஜம்மென்று சுற்றியது.

“நான் அப்பவே சொன்னேனே, பார்த்துட்டாங்கன்னு!” என்றது திரை.

சென்சாருக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. ஆனால் குளிர்ந்த காற்று மேலே இதமாகப் பட்டுக்கொண்டிருந்தது.

“சரி, பொழைச்சுப் போ” என்று விட்டுவிட்டாள்.