யார் சொன்னாலும் கேட்கும் ஜோடி

கால் மைல் நேர்ச்சாலையில் பாய்வதே பிழைப்பாக ஒரு சிவப்புப் பந்தயக் கார் இருந்தது. அடுத்த பந்தயத்தில் தோற்றால் அதற்குப் பழைய இரும்புக் கடைதான் கதி. அதனால் பின்பக்கத்துக்கு நல்ல ஷாக் அப்சார்பர் ஜோடி தேடியது.

"எங்களுக்கு இந்த ஒரு இறுக்கம்தான் தெரியும்," என்றது முதல் ஜோடி.

சிடுமூஞ்சிகள் என்று நினைத்துக் கார் நகர்ந்தது.

இரண்டாவது ஜோடிக்குத் தலையில் திருகு இருந்தது. கார் எண்ணிப் பார்த்தது. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கப் பன்னிரண்டு படி.

"யாரு எப்படிச் சொன்னாலும் அப்படியே இருப்போம், அக்கா."

காருக்கு மனம் குளிர்ந்தது. அவற்றையே மாட்டிக்கொண்டது.

பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் கார் பாய்ந்தது. நாற்பதாவது அடியில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் மோதி நின்றது.

"எந்தப் படியில இருந்தே?" என்று இடதுபக்கத்தைக் கேட்டது.

"மூணு, அக்கா. பக்கத்து டயர் மெத்துன்னு இருக்கச் சொல்லுச்சு."

"நீ?" என்று வலதுபக்கத்தைக் கேட்டது.

"பதினொண்ணு. என் டயருக்கு விறைப்பா இருந்தாத்தான் பிடிக்குமாம்."

இரண்டும் அதைப் பெருமையாகச் சொன்னதில் காருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரும்புக் கடை வண்டி வந்து கொக்கியை மாட்டியது.

"அண்ணே, உங்களுக்கு நாங்க எப்படி இருக்கணும்?" என்று இரண்டும் அதனிடம் கேட்டன.