வெடிக்கிற ஒஸ்ரின் கார்

படார் என்று ஒரு வெடி. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு.

"தொடங்கிட்டார்" என்றாள் பாலேஸ்வரி. குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி சேலையில் சிந்திவிட்டது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையில் பக்கத்து வீட்டு நவரத்தினத்தாரின் காரை அறியாதவர் இல்லை. பென்ஷன் எடுத்த கையோடு, எங்கேயோ மாட்டுக் கொட்டிலில் கிடந்த பழைய ஒஸ்ரினைக் கட்டி இழுத்து வந்து, வீட்டுக் கராஜில் போட்டு மனுசன் உயிர் கொடுத்திருந்தார். நெளிவு எடுத்து, கறள் சுரண்டி, கரும்பச்சைப் பெயின்ற் அடித்து, சீற்றுக்குப் புதுத் தோலும் தைத்தாயிற்று. பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. ஸ்டார்ட் பண்ணினால் மட்டும் வெடிக்கும்.

முதல் நாள் துவக்கோடு ஓடிவந்த சந்திப் பொலிஸ்காரர்கள்கூட இப்போது "அங்கிள்கே கார் எக", அங்கிளின் கார்தான், என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஒழுங்கை முழுக்கப் பழகிவிட்டது. பாலேஸ்வரிக்குத்தான் பழகவில்லை.

தன் காதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. நவரத்தினத்தாரின் மனைவி நேசமலரைப் பற்றித்தான். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து, கண் முன்னாலேயே தங்கையைப் பறிகொடுத்த மனுசி அவ. கொழும்புக்கு வந்த புதிதில் சட்டி மூடி கீழே விழுந்தாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவா. ஒருமுறை காலி வீதியில் லொறி ரயர் வெடித்தபோது பாலேஸ்வரிதான் அவவைக் கட்டிலுக்கடியிலிருந்து மெல்ல மெல்ல வெளியே எடுத்தாள்.

அப்படிப்பட்டவவின் வீட்டுக்குள்ளேயே பின்னேரம் தவறாமல் வெடி வைக்கிற புருஷனை என்னவென்று சொல்வது?

மலரக்காவிடம் கேட்டால், அவருக்கு அது ஒரு பொழுதுபோக்குத்தானே என்று சிரிப்பா. வாயில்லாப் பூச்சி. நவரத்தினத்தாரிடம் நேரே கேட்டால், பழைய என்ஜின், அப்படித்தான் என்று சொல்லிவிட்டு இடித்த புளி மாதிரி இருப்பார்.

சொல்லிச் சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருதானையில் கராஜ் வைத்திருக்கிற தாஸிம் நானாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றாள்.

"அண்ணை, இவர் கை பட்டால் எந்தக் காரும் வாய் பொத்தும். பொனற்றைத் திறவுங்கோ."

நவரத்தினத்தார் துணியில் கையைத் துடைத்தார். வேண்டாம் என்றார். இன்னொரு நாள் பார்ப்போம் என்றார். தன் காரில் வேறு ஆள் கை வைப்பது பிடிக்காது என்றும் சொல்லிப் பார்த்தார்.

பாலேஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்குக் கார் பெரிசோ, மலரக்கா பெரிசோ? அந்த மனுசி ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்கிறா. நீங்கள் பொலிஷ் போட்டுக்கொண்டு நிக்கிறியள்."

வந்ததற்கு என்னவென்றாவது பார்ப்போம் என்று தாஸிம் நானாவே பொனற்றைத் தூக்கி உள்ளே தலையை விட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சந்தியில் சீனவெடி கொளுத்தினார்கள். வடக்கில் ஆமி ஏதோ ஊரைப் பிடித்துவிட்டதாகக் காலையிலிருந்தே ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரம் சரமாக வெடித்தது. நடுநடுவே பெரிய வெடிகளும் கேட்டன.

பாலேஸ்வரி குசினிக்கு ஓடினாள். முதலில் மேசைக்கடியில்தான் குனிந்து பார்த்தாள்.

நேசமலர் அடுப்படியில் நின்று புட்டு அவித்துக்கொண்டிருந்தா.

"பாலேஸ், அவரிட்டை ஒருக்காச் சொல்லன், இண்டைக்குக் காணும், காரை நிப்பாட்டெண்டு. கார்ப் புகை முழுக்கக் குசினிக்குள்ளதான் வருகுது."

பாலேஸ்வரி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். பொனற் திறந்தபடி கார் சும்மா நின்றது. சந்தியில் வெடி இன்னும் ஓயவில்லை.

"ஓம் நேசம், இந்தா நிப்பாட்டுறன்" என்று கராஜிலிருந்து நவரத்தினத்தாரின் குரல் வந்தது. அவர் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

பாலேஸ்வரி கராஜுக்குத் திரும்பி வந்தாள். அவரே மெல்லிய குரலில் சொன்னார்.

"முதல் நாள் உண்மையாவே பழுதாலதான் வெடிச்சது, பிள்ளை. கட்டிலுக்குக் கீழ போனவவைக் கையில பிடிச்சுக் கூட்டியந்து, இதுதான் சத்தம் போட்டது எண்டு காட்டினன். சாவியையும் அவவின்ர கையில குடுத்தன். தானே திருப்பி, தானே வெடிக்க வைச்சுப்போட்டுச் சிரிச்சா. அண்டையிலிருந்து எங்க என்ன வெடிச்சாலும் அவவுக்கு அது என்ர கார்தான். நான் எப்பிடித் திருத்துவன்?"

பாலேஸ்வரிக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சற்று முன் பேசிய பேச்சையெல்லாம் திருப்பி விழுங்க முடியுமானால் விழுங்கியிருப்பாள்.

தாஸிம் நானா பொனற்றுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "என்ஜின் ரைமிங்தான் பிழை, மிஸ். சின்ன வேலதான். செய்யவா?"

"செய்யுங்கோ நானா" என்றாள் பாலேஸ்வரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சந்தி வெடி இதைவிடப் பெரிசாக் கேக்குது. இதை இன்னும் கொஞ்சம் பலமா வெடிக்கப் பண்ணிவிடுங்கோ."