மயில் பார்டர் சேலையின் இரண்டு படங்கள்

ஓர் ஆன்லைன் கடையில் மயில் பார்டர் சேலைக்கு இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று பெரிய பிஎன்ஜி கோப்பு, மற்றது சிறிய ஜேபிஜி கோப்பு.

"என்னிடம் ஜரிகையை இழை இழையாகப் பார்க்கலாம்" என்றது கனத்த பிஎன்ஜி.

"நீ அசைந்து வருவதற்குள் ஆடித் தள்ளுபடியே முடிந்துவிடும்" என்ற ஜேபிஜி, தன் எடையை இன்னும் குறைத்துக்கொண்டது. கொஞ்சம் மங்கினால் என்ன, ஓட வேண்டுமே.

பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த செண்பகவல்லி போனில் கடையைத் திறந்தாள். பிஎன்ஜி தலையை மட்டும் காட்டிக்கொண்டிருக்க, ஜேபிஜி முழுசாகப் போய் நின்றது. பிடித்துப்போய் உடனே ஆர்டர் போட்டாள்.

ஜேபிஜி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது.

பார்சலைப் பிரித்ததும் அவள் கடைக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, படத்துல பார்டர் பூரா கோழி இருந்துச்சு. இப்ப மயில அனுப்பியிருக்கீங்க. எனக்கு அந்தக் கோழிச் சேலைதான் வேணும்."