கதவிலே கண்ணாடி

தங்கப் பதக்கங்களோடு நேர்காணலுக்கு வந்திருந்தார் டாக்டர். புற்றுநோய் மருத்துவமனையின் இளையோர் பிரிவில் எப்படியாவது வேலை வாங்கிவிட வேண்டும். ஆனால், தேர்வுக்குழுவினர் மூவரின் கேள்விகளோ எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. தலைமை மருத்துவர்கூட ஓரமாகத்தான் அமர்ந்திருந்தார்.

“நரம்பு கிடைக்கலைன்னா எத்தனை தடவை குத்துவீங்க, டாக்டர்?” என்றார் குழுத் தலைவி.

“ரெண்டு தடவை. அப்புறம் கைராசிக்கார நர்ஸைக் கூப்பிட்டுடுவேன்.”

“கௌரவம் குறையாதா?”

“வலி குறையுமே!”

மற்ற இருவரும் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை.

“ரிசல்ட் மோசமா வந்தா யார்கிட்ட சொல்வீங்க?”

“பெத்தவங்களை வெளியே கூப்பிட்டுச் சொல்வேன்.”

“கதவுல கண்ணாடி இருக்கே டாக்டர்! அவங்க அழறது கட்டில்ல இருந்தே தெரியுமே!”

வேலை கைநழுவியது என்றே நினைத்தார் டாக்டர். இருந்தும் பூசி மெழுக மனம் வரவில்லை.

“இத்தனை வருஷத்துல இது எனக்குத் தோணவே இல்லை. இனிமே கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன்.”

தலைவி மற்ற இருவரையும் பார்த்தார்; இருவரும் தலையசைத்தார்கள்.

“திங்கட்கிழமையே சேர்ந்துடுங்க” என்றபடி, மருந்துப் பாட்டில் தொங்கிய கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் குழுத் தலைவியான அந்தப் பதினேழு வயதுப் பெண். அவளுடைய பக்கத்துக் கட்டில்காரர்களான மற்ற இருவரும் அவளுக்கு வழிவிட்டார்கள்.

“அன்னைக்குத்தான் என் ஸ்கேன் ரிசல்ட் வருது. அம்மாவும் இருப்பாங்க. வந்து உட்காருங்க, டாக்டர்.”